கேரியர் ஒரு கணக்கு, உச்சி ஒரு கணக்கு: ஆர்எஃப் சிக்னல் ஜெனரேட்டரில் ஏஎம்

ரேடியோ அலையை உருவாக்கித் தரும் சோதனைக் கருவியான ஆர்எஃப் சிக்னல் ஜெனரேட்டரில் 0 டிபிஎம் (1 மில்லிவாட்) வைத்து, ஏஎம் பொத்தானை அழுத்தி, ஆழத்தை 100% ஆக்குங்கள். திரையில் 0 டிபிஎம் என்ற எண் அசையாது. வெளியே வரும் அலையோ, 1 கிலோஹெர்ட்ஸ் தொனி என்றால், நொடிக்கு ஆயிரம் முறை +6 டிபிஎம் வரை ஏறி, ஆயிரம் முறை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இறங்குகிறது. முகப்பில் தெரிவது கேரியரின், அதாவது ஆடியோ ஏற்றப்படும் அடிப்படை அலையின், அளவு மட்டும். ஏஎம் வைத்துச் செய்யும் அளவீடுகள் பிசகுவது பெரும்பாலும் இந்த உச்சியையோ பள்ளத்தையோ கணக்கில் எடுக்காததால்தான். ஜெனரேட்டருக்குள்ளும் அப்படி, அதன் பின்னால் மாட்டும் ஆம்ப்ளிஃபயரிலும் அப்படி, சோதிக்கப்படும் ரிசீவரில் ஆடியோவைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரிலும் அப்படி.

பாடப்புத்தகம் வீச்சுப் பண்பேற்றம் (ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்) என்று எழுதுவதை பெஞ்சில் எல்லோரும் ஏஎம் என்றுதான் சொல்கிறார்கள். கேரியரின் வீச்சு ஆடியோவுக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதே ஆழம். 30% என்றால் கேரியர் வோல்டேஜ் 1.3 மடங்கு வரை ஏறும், 0.7 மடங்கு வரை இறங்கும். அதிர்வெண் பக்கமிருந்து பார்த்தால் கேரியர் அப்படியே நிற்கிறது, இருபுறமும் இரண்டு சைட்பேண்டுகள் முளைக்கின்றன. 1000 கிலோஹெர்ட்ஸ் கேரியரில் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஏற்றினால் அவை 999-லும் 1001-லும் நிற்கும். ஒவ்வொன்றின் வோல்டேஜும் கேரியர் வோல்டேஜில் ஆழத்தின் பாதி.

பவர் கணக்குதான் பலரை ஏமாற்றுவது. சராசரி பவர் கொஞ்சம்தான் கூடும், உச்சி நிறையக் கூடும். 30% ஆழத்தில் சராசரி 0.19 டெசிபல் கூடுகிறது, உச்சி 2.3 டெசிபல். 80%-ல் சராசரி 1.2, உச்சி 5.1. 100%-ல் சராசரி 1.76, உச்சி 6. வெப்பத்தால் அளக்கும் பவர் மீட்டர் இந்தச் சராசரியைச் சரியாகக் காட்டும். டயோடு சென்சார் மீட்டராக இருந்து, அளவு −20 டிபிஎம்முக்கு மேலே போனால், டயோடு தன் வர்க்க விதியை (வெளியீடு பவருக்கு நேர்விகிதம்) விட்டு விலகத் தொடங்குவதால் ஏஎம் ஏற்றிய அலையில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கேரியர் அளவைச் சரிபார்க்க வேண்டுமானால் மாடுலேஷனை அணைத்துவிட்டு அளப்பதே வழி.

மீடியம் வேவ் வேலைக்குச் சிலர் ஃபங்ஷன் ஜெனரேட்டரையே வைத்துக்கொள்கிறார்கள். தவறில்லை. ஆனால் அங்கே எண்ணின் பொருள் தலைகீழ். ஏஜிலென்ட் 33220ஏ போன்ற கருவிகளில் நாம் வைக்கும் வீச்சு, 100% ஆழத்தில் எட்டும் உச்சியைக் குறிக்கிறது. ஏஎம் போட்ட உடனே கேரியர் பாதியாகிவிடும். ஆழம் 0% என்றாலும் நாம் வைத்ததில் பாதிதான் வெளியே வரும். ஆர்எஃப் ஜெனரேட்டரில் பழகிய கை இங்கே அளவுகளை அப்படியே எடுத்து எழுதினால், ரிசீவர் 6 டெசிபல் மோசமாக இருப்பதாகத் தோன்றும்.

ஆழம் எங்கே உருவாகிறது

பழைய சர்வீஸ் ஆஸிலேட்டர்களில் ஆர்எஃப் ஆஸிலேட்டரையே ஆடியோவால் ஆட்டுவார்கள். டிரான்சிஸ்டருக்குப் போகும் வோல்டேஜ் மாறினால் வீச்சு மாறும். கூடவே டிரான்சிஸ்டரின் உள் கெபாசிட்டன்சும் மாறுவதால் அதிர்வெண்ணும் நகரும். கேட்டது ஏஎம், வருவது ஏஎம்மும் எஃப்எம்மும் கலந்தது. 455 கிலோஹெர்ட்ஸில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மேல் பேண்டுகளுக்குப் போகப் போக அதே சதவீத நகர்வு பல மடங்கு ஹெர்ட்ஸாகப் பெருகும். அப்படிப்பட்ட அலையை வைத்து ஐஎஃப்பை (ரிசீவருக்குள் இருக்கும் இடைநிலை அதிர்வெண் பகுதி) டியூன் செய்தால், ஃபில்டரின் சரிவில் எஃப்எம்மும் ஆடியோவாக மாறி, நடுப்புள்ளி எது என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் ஆடியோ கூடுவது போலக் காட்டும்.

சின்தசைஸர் வகை ஜெனரேட்டர்களில் ஆஸிலேட்டரை யாரும் தொடுவதில்லை. வெளியீட்டின் ஒரு சிறு பகுதியை டயோடு டிடெக்டர் பார்க்கிறது. அது தரும் வோல்டேஜை ஒரு ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, முன்னால் இருக்கும் பிஐஎன் (PIN) டயோடு மாடுலேட்டரை ஒரு சர்க்யூட் சரிசெய்துகொண்டே இருக்கிறது. இதுதான் ஏஎல்சி, தானியங்கி லெவல் கட்டுப்பாடு. அந்த ரெஃபரன்ஸோடு ஆடியோவைக் கூட்டிவிட்டால் வெளியீட்டின் வீச்சு ஆடியோவைப் பின்தொடரும். பல ஜெனரேட்டர்களில் ஏஎம் என்பது இவ்வளவுதான். எளிமையான ஏற்பாடு, அதிலிருந்து மூன்று கட்டுப்பாடுகள் பிறக்கின்றன.

முதலாவது தலைக்கு மேலே உள்ள இடம். ஜெனரேட்டரின் உச்ச வெளியீடு +13 டிபிஎம் என்றால், 30% ஆழத்துக்குக் கேரியரை +10.7 வரை வைக்கலாம், 80%-க்கு +7.9, 100%-க்கு +7. அதற்கு மேல் போனால் ஆம்ப்ளிஃபயர் உச்சியில் தட்டையாகும், ஏஎல்சி பிடி நழுவும், முகப்பில் அன்லெவல்ட் என்று எச்சரிக்கை வரும். 1970களின் எச்பி 8640பி போன்ற பழைய கருவிகளிலும் வெளியீட்டின் மேல் ரேஞ்சில் முழு ஆழம் கிடைக்காது. அந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்தி எடுக்கும் டிஸ்டார்ஷன் அளவீடு ஜெனரேட்டரின் டிஸ்டார்ஷனைத்தான் அளக்கும், ரிசீவருடையதை அல்ல.

இரண்டாவது வேகம். ஏஎல்சி சுற்றுக்கு ஒரு பேண்ட்வித் உண்டு. அதைத் தாண்டிய ஆடியோ அதிர்வெண்ணில் ஆழம் குறைந்துகொண்டே போகும். பேச்சுக்கும் இசைக்கும் இது தொல்லை தராது. வீடியோ போன்ற வேகமான அலையை ஏற்ற நினைத்தால் தரும்.

மூன்றாவது பள்ளம், மூன்றிலும் சிக்கலானது. 90% ஆழத்தில் பள்ளத்தின் அடி கேரியரை விட 20 டெசிபல் கீழே. 99%-ல் 40 டெசிபல் கீழே. அந்த அடியில் டிடெக்டர் டயோடு தரும் வோல்டேஜ் மிகச் சிறியது, ஏஎல்சி கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறது. அதனால் டிஸ்டார்ஷன் ஆழத்தோடு சீராக ஏறுவதில்லை; 90-ஐத் தாண்டியதும் திடீரென்று எகிறும். இதில் இன்னொரு பொறியும் உண்டு. சாதாரணமாக, வெளியீட்டைக் குறைக்கும் ஸ்டெப் அட்டெனுவேட்டர் பெரிய படிகளாக இறங்கும், இரண்டு படிகளுக்கு இடையே உள்ள அளவை ஏஎல்சி நிரப்பும். லெவலை மாற்றும்போது அட்டெனுவேட்டர் சொடுக்குச் சத்தம் வரக்கூடாது என்று அதை ஹோல்டில் போட்டால், இறக்கம் முழுவதும் ஏஎல்சியின் தலையில் விழுகிறது. கேரியரே ஏஎல்சியின் அடிமட்டத்தில் நிற்கும்போது அதற்குக் கீழே பள்ளம் தோண்ட எங்கே இடம்? ஏஎம் போடும்போது ஹோல்ட் வேண்டாம்.

போடுவது

அதிர்வெண், லெவல், ஏஎம் ஆழம், ஆடியோ அதிர்வெண், ஆடியோ எங்கிருந்து வருகிறது என்பது, கடைசியாக மாடுலேஷன் ஆன், ஆர்எஃப் ஆன். வரிசை முக்கியமில்லை, கடைசி இரண்டும் தனித்தனி பொத்தான்கள் என்பதே முக்கியம். ரைகால் டிஎஸ்ஜி800 வரிசை போன்ற கருவிகளில் ஏஎம் மெனுவுக்குள் போய் அதை ஆன் செய்தாலும், முகப்பில் உள்ள பொதுவான மாடுலேஷன் பொத்தான் எரியாவிட்டால் வெளியே வருவது வெறும் கேரியர்தான். ஆடியோ செத்துவிட்டது என்று ரிசீவரைப் பிரித்துப் போடுவதற்கு முன் அந்த விளக்கைப் பார்ப்பது நல்லது.

உள்ளேயே தொனி உண்டு. பழைய கருவிகளில் 400 ஹெர்ட்ஸும் 1 கிலோஹெர்ட்ஸும் மட்டும், புதியவற்றில் எதுவும் வைக்கலாம். ரேடியோ வேலைக்கு 400 அல்லது 1000 ஹெர்ட்ஸ், 30% என்பது நெடுங்கால வழக்கம். ஒலிபரப்பின் சராசரி ஆழத்துக்கு அது பக்கத்தில் இருக்கிறது. மலிவான டிடெக்டரையும் திணறடிக்காத ஆழமும் அதுவே.

வெளி ஆடியோதான் அதிகம் தடுக்கி விழும் இடம். பல ஜெனரேட்டர்களில் வெளி உள்ளீட்டுக்கு 1 வோல்ட் உச்சி கொடுத்தால்தான் திரையில் வைத்த ஆழம் கிடைக்கும். இன்புட் இம்பீடன்ஸ் 600 ஓம் என்பது பரவலான மதிப்பு. 1 வோல்ட் உச்சி என்றால் உச்சி முதல் உச்சி வரை 2 வோல்ட், மல்டிமீட்டரில் 0.707 வோல்ட். இந்த மூன்று எண்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவது ஒரு பிழை. அதை விடப் பெரியது ஃபங்ஷன் ஜெனரேட்டரின் லோடு அமைப்பு. 50 ஓம் லோடு என்று அதில் வைத்திருந்து 2 வோல்ட் உச்சி-உச்சி கேட்டால், உள்ளே 4 வோல்ட் தயாராகிறது. 600 ஓம் உள்ளீட்டில் 3.7 வோல்ட் போய்ச் சேரும். 80% என்று திரை சொல்லும், ஜெனரேட்டர் போட முயல்வது 148%. உச்சியில் அன்லெவல்ட், பள்ளத்தில் கேரியர் முழுவதுமாக வெட்டுப்படுதல், ரிசீவரில் கரகரப்பு. ஹை-இசட் (லோடு இல்லாததுபோல) அமைப்பில் வைத்தால் 600 ஓமில் 1.85 வோல்ட் வரும்; 80% கேட்டால் ஏறக்குறைய 74%. லேசாகக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். உள்ளீடு அதிகம், குறைவு என்று காட்டும் இரண்டு விளக்குகள் உள்ள ஜெனரேட்டர்களில், இரண்டும் அணையும் வரை ஆடியோவைத் திருப்பினால் போதும்.

ஏசி கப்ளிங்கா, டிசி கப்ளிங்கா என்ற தேர்வும் உண்டு. பேச்சு, தொனி எல்லாவற்றுக்கும் ஏசி. டிசி-யில் வைத்தால் ஆடியோ மூலத்தில் ஒட்டியிருக்கும் சிறு ஆஃப்செட்டும் கேரியரை நகர்த்தும். ஆழம் 80% என வைத்திருக்கையில் 0.1 வோல்ட் ஆஃப்செட் வந்தால் கேரியர் 8% மாறும், அதாவது 0.67 டெசிபல். டிசி தேவைப்படுவது 30, 90 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் ஃபேஸ் பிசகக் கூடாத வேலைகளுக்குத்தான்.

திரையில் தெரியும் ஆழம் உண்மைதானா

ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வெளியீட்டை 50 ஓம் டெர்மினேஷனோடு ஸ்கோப்பில் கொடுங்கள். டிரிகரை ஆர்எஃபிலிருந்து எடுத்தால் உறை அலை (வீச்சின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வெளிக்கோடு) ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரின் ஆடியோ வெளியீட்டை இரண்டாம் சேனலில் போட்டு அதிலிருந்து டிரிகர் எடுத்தால் நிற்கும். 1 கிலோஹெர்ட்ஸ் தொனிக்குக் கட்டத்துக்கு 500 மைக்ரோ நொடி சரியாக வரும். உறையின் அகன்ற இடத்தையும் குறுகிய இடத்தையும் அளந்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஆழம். 0 டிபிஎம் கேரியர் 50 ஓமில் 632 மில்லிவோல்ட் உச்சி-உச்சி. 30% சரியாக இருந்தால் அகன்ற இடம் 822, குறுகிய இடம் 443. வித்தியாசம் 379, கூட்டு 1265, விடை 0.30.

இது விகிதக் கணக்கு என்பதால் ஸ்கோப்பின் பேண்ட்வித் கேரியருக்குச் சற்றுப் போதாமல் இருந்தாலும் விடை கெடாது. டெர்மினேஷன் மறந்துபோனால் வோல்டேஜ் இரண்டும் இரட்டிப்பாகும், விகிதம் மாறாது. கெடுப்பது வேறொன்று. டிஜிட்டல் ஸ்கோப்பில் டைம்பேஸை மெதுவாக்கினால் சாம்பிளிங் வேகம் குறைந்து, 100 மெகாஹெர்ட்ஸ் அலை இல்லாத வடிவங்களைக் காட்டத் தொடங்கும். பீக் டிடெக்ட் முறையில் வைத்தால் உறை நேர்மையாகத் தெரியும். 90%-க்கு மேல் குறுகிய இடம் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் இந்த முறைக்கு அங்கே மதிப்பில்லை.

எக்ஸ்-ஒய் முறை இன்னும் அழகு, யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது வருத்தமே. ஆடியோவை எக்ஸ் அச்சில், ஆர்எஃபை ஒய் அச்சில் கொடுத்தால் சரிவகம் ஒன்று தோன்றும். 100%-ல் அது முக்கோணமாகக் கூர்மையடையும். பக்கக் கோடுகள் நேராக இருந்தால் மாடுலேஷன் நேர். அகன்ற முனையில் வளைந்தால் உச்சி நசுங்குகிறது. கூர்முனை வால்போல நீண்டால் பள்ளம் வெட்டுப்படுகிறது. எந்த முனையில் கோளாறு என்று ஒரே பார்வையில் சொல்லும் சோதனை இது.

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் சைட்பேண்டு கேரியரை விட எத்தனை டெசிபல் கீழே என்று பாருங்கள். 30%-க்கு 16.5, 50%-க்கு 12, 80%-க்கு 8, 100%-க்கு 6; 10% என்றால் 26. ரெசல்யூஷன் பேண்ட்வித்தை ஆடியோ அதிர்வெண்ணை விட நன்றாகக் குறைக்க வேண்டும்: 1 கிலோஹெர்ட்ஸ் தொனிக்கு 100 ஹெர்ட்ஸ், ஸ்பேன் 5 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸ் ரெசல்யூஷனில் பார்த்தால் சைட்பேண்டுகள் தனியே தெரியாது, கேரியர் மட்டும் துடிப்பதைத்தான் பார்ப்பீர்கள். கேரியரிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டாம் ஜோடி தெரிந்தால் அது டிஸ்டார்ஷன். முதல் ஜோடியை விட 40 டெசிபல் கீழே என்றால் இரண்டாம் ஹார்மோனிக் 1%.

இரண்டு சைட்பேண்டுகளும் சம உயரமாக இல்லையென்றால் கேரியரின் அதிர்வெண்ணும் ஆடுகிறது என்று அர்த்தம். ஏஎம் தரும் சைட்பேண்டு இரண்டும் ஒரே திசையில் சேர்பவை; எஃப்எம் தருபவை ஒன்று சேரும், மற்றது கழியும். 30% ஏஎம்மோடு 50 ஹெர்ட்ஸ் விலகல் கலந்தால்கூட ஒரு பக்கம் −15.1, மறுபக்கம் −18.1 டெசிபலாகப் பிரியும். மூன்று டெசிபல் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆடியோவோடு ஒத்த ஃபேஸில் ஆடும் ஃபேஸ் மாடுலேஷன் மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது, ஏனென்றால் அது இரண்டு பக்கத்தையும் சமமாகவே உயர்த்தும். அதைப் பிடிக்க நேரோ எஃப்எம் ரிசீவர் ஒன்றை அதே அதிர்வெண்ணில் வைத்துக் கேளுங்கள். நல்ல ஜெனரேட்டர் என்றால் தொனி மிக மெலிதாகத்தான் கேட்கும்.

ரிசீவரில்

ஃபெரைட் ராடு உள்ள டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வயரை நேராக மாட்ட இடமில்லை. சுமார் 25 சென்டிமீட்டர் விட்டத்தில் மூன்று சுற்று வளையம், ஜெனரேட்டரோடு தொடரில் 400 ஓம், ராடிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரம், ராடின் அச்சும் வளையத்தின் அச்சும் ஒரே கோட்டில். தூரம் மாறினால் எண்கள் எல்லாம் மாறும், அதனால் மேசையில் குறி போட்டுவிடுவது நல்லது. 50 ஓம் சாக்கெட் உள்ள ரிசீவருக்கு 6 அல்லது 10 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சிறு அட்டெனுவேட்டர்) வழியே நேராக.

ஐஎஃப் டியூனிங்குக்கு 455 கிலோஹெர்ட்ஸ், 30%, 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியே கன்வெர்ட்டர் டிரான்சிஸ்டரின் பேஸில். நிலையத்தைத் தேடத் திருப்பும் கேங் கண்டென்சரின் ஆஸிலேட்டர் பகுதியை ஷார்ட் செய்து லோக்கல் ஆஸிலேட்டரை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சிறு ரேடியோக்களில் ஐஎஃப்டி (ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்) நிறம் மஞ்சள், வெள்ளை, கருப்பு என்ற வரிசையில் போகும். கடைசிக் கருப்பிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். சிவப்பைத் தொடாதீர்கள், அது ஆஸிலேட்டர் காயில். பிளாஸ்டிக் டியூனிங் கருவி மட்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனதும் இண்டக்டன்ஸ் மாறும், வெளியே எடுத்ததும் டியூனிங் ஓடிவிடும்.

இங்கே லெவல்தான் எல்லாம். அதிகம் கொடுத்தால் ஏஜிசி (தானியங்கி கெயின் கட்டுப்பாடு) விழித்துக்கொள்ளும். காயில் உச்சத்துக்கு வர வர ரிசீவர் தன் கெயினைத் தானே குறைத்துக்கொண்டு உச்சியைத் தட்டையாக்கிவிடும். எங்கே திருப்பினாலும் ஒரே சத்தம்போல இருக்கும். தொனியோடு இரைச்சலும் சேர்ந்து கேட்கும் அளவுக்குக் குறைத்து, ஒவ்வொரு காயில் ஏறும்போதும் ஜெனரேட்டரை மேலும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மீடியம் வேவில் டிராக்கிங் (பேண்ட் முழுவதும் ஆன்டெனா டியூனிங் ஆஸிலேட்டரோடு ஒத்துப்போவது) பார்க்கும்போது 600 கிலோஹெர்ட்ஸில் ராடின் மேல் உள்ள காயிலை நகர்த்தியும், 1400-ல் டிரிம்மரைத் திருப்பியும் இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்வது வழக்கம். ஜெனரேட்டரின் ஹார்மோனிக்கை ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள்: 700-ல் வைத்தாலும் 1400-ல் இரண்டாம் ஹார்மோனிக் கேட்கும். உள்ளூர் நிலையங்கள் இன்னொரு வலை. இந்தியாவில் மீடியம் வேவ் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஓடுகிறது. 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை, 936 திருச்சி. 720 வலுவாகக் கேட்கும் இடத்தில் ஜெனரேட்டரை 721-ல் வைத்தால் இரண்டு கேரியரும் மோதி 1 கிலோஹெர்ட்ஸ் ஊளை பிறக்கும். அது மாடுலேஷன் தொனியைப் போலவே ஒலிக்கும், அதை நம்பி டிரிம்மரைத் திருப்பினால் வேலை வீண். மாடுலேஷனை அணையுங்கள், நிற்காத தொனி உங்களுடையது அல்ல.

சென்சிடிவிட்டி, அதாவது ரிசீவருக்குப் போதுமான மிகச் சிறிய சிக்னல், அளப்பதற்கும் அதே மாடுலேஷன் பொத்தான்தான் சாவி. 1 கிலோஹெர்ட்ஸ், 30%. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் அதன் குறுக்கே 0.63 வோல்ட், அதாவது 50 மில்லிவாட் வரும்படி வால்யூமை வையுங்கள். மாடுலேஷனை அணைத்ததும் மீட்டர் 0.2 வோல்டுக்கு இறங்கினால் 10 டெசிபல். இறங்கவில்லையென்றால் ஜெனரேட்டரைக் கூட்டி, வால்யூமைக் குறைத்து, மறுபடியும். அந்தப் புள்ளியில் ஜெனரேட்டர் காட்டும் அளவு, பேட் போட்டிருந்தால் அதைக் கழித்தது, சென்சிடிவிட்டி. அணைக்க வேண்டியது மாடுலேஷனை, ஆர்எஃபை அல்ல. கேரியரே போய்விட்டால் ஏஜிசி முழுதாகத் திறந்து, இரைச்சல் எகிறி, தவறான விடை வரும்.

முடிவை எழுதும்போது ஆழத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 30%-ஐ 60% ஆக்கினாலே ஆடியோ 6 டெசிபல் ஏறும், ரிசீவர் ஏறக்குறைய அவ்வளவு நல்லதாகத் தோன்றும். வோல்டேஜ் எந்தக் கணக்கு என்பதும் அப்படியே: 50 ஓம் லோடில் 1 மைக்ரோவோல்ட் என்றால் −107 டிபிஎம், அதே 1 மைக்ரோவோல்டை இஎம்எஃப் (லோடு மாட்டாதபோது உள்ள வோல்டேஜ்) கணக்கில் சொன்னால் −113. பிரிட்டிஷ் கருவிகளில் இஎம்எஃப் வழக்கம் அதிகம். இரண்டு பழக்கமும் ஒரே திசையில் சேர்ந்தால் 12 டெசிபல் பொய் காகிதத்தில் ஏறிவிடும்.

இந்த அளவில் கசிவும் பேசத் தொடங்கும். கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டர் போட்டு, ஜெனரேட்டரை அப்படியே ஓட விடுங்கள். தொனி இன்னும் கேட்டால் சிக்னல் காற்று வழியே வருகிறது. ஒற்றைப் பின்னல் ஷீல்டு உள்ள கேபிளை மாற்றி இரட்டை ஷீல்டு கேபிள் போடுவதே பெரும்பாலும் போதும்.

30%-ல் சுத்தமாக இருக்கும் ரிசீவர் 80%-ல் கரகரப்பது அடிக்கடி வரும் புகார். ஜெனரேட்டரைத் திட்டுவதற்கு முன் டிடெக்டரைப் பார்க்க வேண்டும். டயோடுக்குப் பின்னால் 10 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோலும் 10 நானோஃபாரட் கெபாசிட்டரும் என்றால் அதன் டைம் கான்ஸ்டன்ட் 100 மைக்ரோ நொடி. உறை இறங்கும் வேகத்துக்குக் கெபாசிட்டர் காலியாக வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ், 80%-க்கு 119 மைக்ரோ நொடி வரை தாங்கும், தப்பித்தோம். 3 கிலோஹெர்ட்ஸ், 80%-க்கு 40 மைக்ரோ நொடிக்குள் இருந்தாக வேண்டும். 100 மைக்ரோ நொடியில் அது முடியாது, ஆடியோவின் இறங்கு பக்கம் சாய்வாக வெட்டுப்படும். அதே 3 கிலோஹெர்ட்ஸ் 30%-ல் 169 மைக்ரோ நொடி வரை அனுமதி உண்டு. ஆகவே ஒரே ஆழத்தில், ஒரே தொனியில் சோதித்துவிட்டு டிஸ்டார்ஷன் இல்லை என்று எழுதுவது அவசரம்.

80% கேட்கும் வேலை

மின்காந்தத் தாங்குதிறன் சோதனைகளில் ஏஎம் ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் கேரியர் ஒரு சர்க்யூட்டின் டயோடு, டிரான்சிஸ்டர் சந்திகளில் நேராக்கப்பட்டு டிசி மட்டத்தைத்தான் நகர்த்தும். ஏஎம் கேரியர் அங்கே 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியாகவே வெளிப்படும். இதற்கான சர்வதேசத் தரநிலைகளான ஐஇசி 61000-4-3, கடத்தல் வழிச் சோதனைக்கான 61000-4-6 இரண்டும் 1 கிலோஹெர்ட்ஸ், 80% கேட்கின்றன. ஒரு மீட்டர் தூரத்துக்கு 10 வோல்ட் புலம் என்று தரநிலை சொல்வது மாடுலேஷன் இல்லாத கேரியரை. 80% ஏற்றியதும் உச்சி 18 வோல்ட். 10 வோல்டுக்கு ஆம்ப்ளிஃபயர் 20 வாட் கொடுத்தது என்றால் உச்சிக்கு ஏறக்குறைய 65 வாட் வேண்டும். 25 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்து ஓட்டினால் புலத்தின் கேரியர் மதிப்பு சரியாகவே தெரியும், மாடுலேஷன் மட்டும் நசுங்கிப் போயிருக்கும். சோதனைப் பொருள் தேறிவிட்டதாக அறிக்கை வரும்.

விமானப் பேச்சு இன்னும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம்மில்தான் நடக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்எம்மில் பலமானவர் மற்றவரை முழுக்க விழுங்கிவிடுவார், ஏஎம்மில் ஊளையாவது கேட்கும். அந்தக் கையடக்க ரேடியோக்களைச் சோதிக்கும்போது பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பொத்தானில் விரல் பட்டால் சில வாட் பவர் நேராக ஜெனரேட்டரின் அட்டெனுவேட்டருக்குள் போகும். ரிவர்ஸ் பவர் பாதுகாப்பு இல்லாத கருவியில் 20 டெசிபல் பேட் போடாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. பேடும் அந்த வாட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

தரையிறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் ஏஎம்மை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோகிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் அதன் லோகலைசரில் 90 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் தலா 20% ஆழத்தில் ஏறுகின்றன. இரண்டின் ஆழ வித்தியாசம்தான் விமானத்தின் ஊசியை நகர்த்துகிறது. வித்தியாசம் 0.155 ஆனால் ஊசி 150 மைக்ரோ ஆம்பியரில் முழு விலகல். சாதாரண ஜெனரேட்டரில் 20% என்று வைத்தது ஒரு தொனிக்கு 20, மற்றதற்கு 20.5 என்று வந்தால், நடுக்கோட்டில் நிற்க வேண்டிய ஊசி 5 மைக்ரோ ஆம்பியர் தள்ளி நிற்கும். ரேடியோ பெஞ்சில் யாரும் கவனிக்காத அரை சதவீதம் அது. இதனால்தான் அந்த வேலைக்கு இரண்டு தொனிகளையும் ஒன்றாகவே உருவாக்கி, டிசி கப்ளிங்கில், அளவீடு உறுதிசெய்யப்பட்ட ஆழத்தோடு கொடுக்கும் தனி ஜெனரேட்டர்கள் இருக்கின்றன.